தாங்கும் சுரம்
(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டு நிறைவு விழாவில் பேசுக என்று பணித்தபோது, வட்டத்தின் சாதனைகளை நான் தொகுத்துரைப்பேன் என்று சிலர் எதிர்பார்த்திருக்கக்கூடும். நானோ கடல் கடந்த நாட்டு இசைக் கலைஞர் ஒருவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பேஸ் கிதார் வாசித்தும் அதனைக் கற்பித்தும் வாழ்க்கை நடத்திய கேரல் கே என்ற பெண்மணியே அவர். யாப்பும் உரையும் கற்பிக்கும் தமிழாசிரியைக்கு இதில் என்ன வேலை என்ற வினா எழுவது இயல்பு. அதற்கு விடை என் மாணவர் ஒருவரிடம் இருக்கிறது.

முதுகலைத் தமிழ் வகுப்பில் பயின்ற அவர், திங்கட்கிழமை தோறும் முதல் பாடவேளையில் கண்ணயர்ந்துவிடுவார். அந்தப் பாடவேளை யாப்பருங்கலக்காரிகைக்கு உரியது. காரிகை கேட்டுக் கண்ணயர்வது புதிதன்று என்று சில வாரங்கள் பொறுத்தேன், பிறகு கடிந்துகொண்டேன். ஞாயிறு இரவுகளில் மெல்லிசைக் குழு ஒன்றில் பேஸ் கிதார் வாசிப்பதாகவும், வீடு திரும்ப விடியற்காலை ஆகிவிடுவதாகவும் சொன்னார். அது என்ன கருவி, அதில் என்ன வாசிப்பாய் என்று கேட்டேன். அவர் தந்த மறுமொழி என்னைச் சற்று நிறுத்தியது. "நான் வாசிக்கிறது யாருக்கும் கேக்காதும்மா. நிறுத்தினாத்தான் தெரியும்" என்றார்.

அன்று நான் நடத்திக்கொண்டிருந்த பாடம் தளை. சீரும் சீரும் சேரும் இடத்தில் தளை இருக்கிறது. வெண்பாவைச் செவிமடுப்பவர் எவரும் தளையை எண்ணிக்கொண்டு கேட்பதில்லை. தளை தட்டும்போது மட்டும் செவி திடுக்கிடுகிறது. ஆக, எங்கள் இருவர் பாடமும் ஒன்றாகவே இருந்தது.

மறுவாரம் அவர் நகலெடுத்துத் தைத்த நூலொன்றைக் கொண்டுவந்து காட்டினார். கேரல் கே 1969-இல் எழுதி வெளியிட்ட பேஸ் கிதார்ப் பயிற்சி நூல் அது. "இவங்க இதை வச்சே வாழ்ந்திருக்காங்கம்மா. என்னால முடியுமா?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. தெரியாத வினாவைத் தள்ளிவிடுவது ஆசிரியர்க்கு அழகன்று. ஆகவே தேடிப் படித்தேன். அத்தேடலின் பயனையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

மெலிவின் பணி

நம் பழந்தமிழ் இசைமரபு ஒலிநிலையை மெலிவு, சமன், வலிவு என மூன்றாகப் பகுத்தது. பேஸ் என்பது மெலிவின் பகுதி. வடமொழியாளர் மந்தரம் என்பர். பேஸ் கிதாருக்குப் பொதுவாக நான்கு தந்திகள். கிதாரின் தடித்த நான்கு தந்திகள் எச்சுரங்களில் நிற்கின்றனவோ, அவற்றுக்கு ஒரு ஸ்தாயி கீழே இவை நிற்கும். அதற்கு முன் இப்பணியைச் செய்துவந்தது ஆளுயரத்துக்கும் மேற்பட்ட பெரிய மரக்கருவி. அதில் சுரத்தானங்களைக் காட்டும் மெட்டுகள் கிடையா. செவியை நம்பியே விரல் வைக்க வேண்டும். 1951-இல் லியோ ஃபெண்டர் என்பவர் மெட்டுகள் பொருத்திய மின் பேஸ் கிதாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். சுரம் பிசகாமல் விழும் என்பதால் அதற்குத் துல்லியம் என்று பொருள்படும் 'பிரிசிஷன்' என்ற பெயரையே இட்டார். தோளில் மாட்டிச் செல்லக்கூடிய அக்கருவியால் ஒரு புதிய தொழிலே பிறந்தது எனலாம்.

இக்கருவி செய்யும் பணி யாது? மேலை இசையில் பல சுரங்கள் ஒருங்கே ஒலிக்கும். ச, க, ப என்னும் மூன்று சுரங்கள் சேர்ந்து ஒலிப்பதாகக் கொள்வோம். அடியில் பேஸ் கிதார் சட்ஜத்தை ஒலித்தால் அக்கூட்டு நிறைவும் உவகையும் தோன்ற நிற்கும். அதே மூன்று சுரங்கள் மேலே மாறாமல் ஒலிக்க, அடியில் தைவதம் ஒன்று ஒலிக்குமானால் அவையே ஏக்கம் தோய்ந்து ஒலிக்கும். மேலே எதுவும் மாறவில்லை. அடியில் ஒரு சுரம் மாறிற்று. பொருள் முழுதும் மாறிவிட்டது. கேட்பவர் கண்கலங்குவார், எதனால் கலங்கினோம் என்று அவருக்குத் தெரியாது. இதனோடு மத்தளக்காரரின் காலத்தைத் தழுவி நின்று, பாடுபவர்க்கு நடையமைத்துத் தருவதும் இக்கருவியின் கடமை.

சிலப்பதிகார அரங்கேற்று காதையை இங்கு நினைவுகூரலாம். மாதவி ஆடுமுன் இளங்கோவடிகள் ஆடலாசான், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என ஒவ்வொருவர்க்கும் உரிய தகுதிகளை விரித்துரைக்கின்றார். தண்ணுமையோன் பிற கருவிகளின் குறையை நிரப்பவும் மிகையை அடக்கவும் வல்லவனாதல் வேண்டும் என்பது அங்கே பெறப்படும் கருத்து. பேஸ் வாசிப்பவர்க்கு இதனினும் பொருந்திய இலக்கணத்தை நான் எங்கும் காணவில்லை. மற்றொன்றும் கருதத்தக்கது. பக்கத்தில் அமர்ந்து வாசிப்போரையும் அக்காதையின் அமைப்பு ஆசிரியர் என்றே போற்றுகிறது. வாசிப்பதும் கற்பிப்பதும் இரு தொழில்கள் அல்ல, ஒரே தொழிலின் இரு கைகள் என்பது நம் முன்னோர்க்குத் தெரிந்திருந்தது. ஆயினும் ஒரு குறை உண்டு. அவர்களின் தகுதிகள் அனைத்தும் சொல்லப்பட்டுள்ளன, பெயர்கள் சொல்லப்படவில்லை. இக்குறையை நினைவில் நிறுத்துங்கள். இறுதியில் இதற்கே திரும்பி வருவேன்.

பதினான்கு வயது ஆசிரியை

கேரல் கே 1935-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் நாள் வாஷிங்டன் மாநிலத்து எவரெட் என்னும் ஊரில் பிறந்தார். தாய் தந்தையர் இருவரும் இசைத் தொழிலர். 1942-இல் குடும்பம் கலிஃபோர்னியாவின் வில்மிங்டனுக்குக் குடிபெயர்ந்தது. அப்பயணத்துக்கான பணத்தைத் தந்தை பியானோவை விற்றுத் திரட்டினார் என்பர். இசைக் குடும்பம் ஒன்று பிழைக்க வழிதேடி இசைக்கருவியையே விற்ற அச்செய்தியில் இத்தொழிலின் நிலைமை முழுவதும் அடங்கியிருக்கிறது. பின்னர்ப் பெற்றோர் பிரிந்தனர். தாய் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் மகளுக்குப் பதின்மூன்று வயதில் ஒரு கிதார் வாங்கித் தந்தார்.

அடுத்த ஆண்டிலேயே, அதாவது 1949-இல், பதினான்கு வயதில், கேரல் கே பிறர்க்குக் கற்பித்துப் பொருளீட்டத் தொடங்கிவிட்டார். ஹொரேஸ் ஹேட்செட் என்ற ஆசிரியரிடம் பயின்று அவருக்கே உதவியாகக் கற்பித்தார். புகழ் பெற்ற பின் ஓய்வுக் காலத்தில் கற்பிக்க வருவது ஒரு வகை. இவரோ கற்பித்தலில் தொடங்கி வாசிப்புக்குச் சென்றவர். கற்பிக்கும் வருவாய் வாசிப்புக்கு நிழல் தந்தது. வாசிப்பின் பயிற்சி கற்பித்தலுக்கு உரம் தந்தது. என் மாணவர்க்கு நான் சொன்ன முதற்செய்தி இதுவே: "நன்றாக வாசிக்கத் தெரிந்த பிறகு கற்பிக்கலாம் என்று காத்திராதே. தெரிந்ததைத் தெரியாதவனுக்குச் சொல்லிப் பார். உனக்கு எது தெரியாது என்பது அப்போது விளங்கும்."

1950-களில் லாஸ் ஏஞ்சலிஸின் இரவு விடுதிகளில் ஜாஸ் கிதார் வாசித்தார். கலை நிறைவு இருந்தது, வருவாய் போதவில்லை. இளம் வயதிலேயே குடும்பத்தைத் தாங்கும் பொறுப்பும் வந்து சேர்ந்தது. 1957-இல் ஒருநாள், பம்ப்ஸ் பிளாக்வெல் என்ற இசைத்தட்டுத் தயாரிப்பாளர் விடுதியில் அவர் வாசிப்பைக் கேட்டு, சாம் குக் என்ற பாடகரின் பதிவுக்கு வருமாறு அழைத்தார். ஜாஸ் கலைஞர்கள் பலர் அத்தகைய பதிவுகளைத் தரக்குறைவாகக் கருதிய காலம் அது. கேரல் கே சென்றார். விடுதியில் இரவெல்லாம் வாசித்துப் பெறுவதைவிடப் பதிவறையில் சில மணி நேரத்தில் மிகுதியாகப் பெறலாம் என்று கண்டார். தம் கலையை விட்டுவிட்டோமே என்ற வருத்தம் இருந்திருக்கலாம். ஆனால் எந்தப் பாட்டையும் அவர் அரைமனத்துடன் வாசித்ததாகப் பதிவுகள் காட்டவில்லை. பிழைப்புக்காகச் செய்யும் தொழிலையும் பிழையறச் செய்வது ஓர் அறம் அன்றோ?

1963-இல் கேப்பிடல் நிறுவனத்தின் பதிவு ஒன்றுக்கு வரவேண்டிய பேஸ் வாசிப்பாளர் வரவில்லை. அங்கிருந்த கேரல் கேயை அந்தக் கருவியை எடுக்கச் சொன்னார்கள். எடுத்தார். ஒரு பதிவுக்கு மூன்று நான்கு வகைக் கிதார்களைச் சுமந்து செல்லும் தொல்லையினின்றும் விடுதலை கிடைத்தது என்று பிற்காலத்தில் சிரித்துக்கொண்டு சொல்வார். உண்மையில், அந்த ஒரு சுரம் பாட்டின் முகத்தையே மாற்ற வல்லது என்று அன்று அவர் கண்டுகொண்டார்.

பதிவறையின் ஒழுக்கம்

1960-களில் லாஸ் ஏஞ்சலிஸ் பதிவறைகளில் வேலை நடந்த முறையை அறிந்தால்தான் இத்தொழிலின் அருமை விளங்கும். இசைக் கலைஞர் சங்கம் ஊதியத்தை வரையறுத்திருந்தது. ஓர் அமர்வு மூன்று மணி நேரம். அதற்குள் மூன்று நான்கு பாடல்களை முடித்தாக வேண்டியதும் உண்டு. முன்கூட்டி ஒத்திகை கிடையாது. தாளில் எழுதிய சுரக்குறிப்பை வைப்பார்கள். பார்த்த அளவில் வாசிக்க வேண்டும். சில வேளைகளில் சுரக்குறிப்பே இராது. வெறும் கூட்டுக்குறிப்புகள் இருக்கும். வரியை வாசிப்பவரே அப்போதே ஆக்கிக்கொள்ள வேண்டும். ஒருவர் பிழை செய்தால் அறையிலுள்ள அத்தனை பேரும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். காலையில் ஓர் அமர்வு, பிற்பகலில் ஒன்று, இரவில் ஒன்று என ஒரே நாளில் மூன்று இடங்களுக்கும் ஓட நேரும். அங்கே திறமை முதல் தகுதி. காலந்தவறாமை அதற்கு இம்மியும் குறையாத தகுதி.

அந்த அறைகளில் பெண்கள் மிகச் சிலர். தம்மைப் பெண் கலைஞர் என்று தனியே பாராட்டுவதை அவர் விரும்பியதில்லை. சுரத்துக்கு ஆண் பெண் வேறுபாடு கிடையாது என்பது அவர் கருத்து.

கேரல் கே விரலால் மீட்டுவதை விடுத்து, மீட்டுக்கோல் கொண்டு வாசித்தார். தந்திகளின் மேல் கம்பளித் துண்டு வைத்து, ஒலி நீண்டு படர்ந்து பிற கருவிகளை மூடாதவாறு அடக்கிக்கொண்டார். மிகையை அடக்குதல் என்று இளங்கோவடிகள் தண்ணுமையோனுக்குச் சொன்னது இங்கே ஒரு கம்பளித் துண்டாக வந்து நிற்கிறது. பீச் பாய்ஸ் குழுவின் 'பெட் சவுண்ட்ஸ்' இசைத்தட்டிலும், 1966-இல் பல மாதங்கள் பல பதிவறைகளில் உருவான 'குட் வைப்ரேஷன்ஸ்' பாடலுக்கான அமர்வுகளிலும் அவர் வாசித்தார். அவ்வரிகளைப் பெரும்பாலும் ஆக்கியவர் பிரையன் வில்சன் என்பதை அவரே வெளிப்படையாகச் சொல்லிவந்தார். பிறர் ஆக்கத்தைத் தமதென்று கொள்ளாத இந்த நேர்மையைக் குறித்துக்கொள்ள வேண்டும். திரைப்படங்களுக்கும் தொலைக்காட்சித் தொடர்களுக்கும் அவர் வாசித்தவை பல. லாலோ ஷிஃப்ரின் அமைத்த 'மிஷன் இம்பாசிபிள்' முகப்பிசை உலகறிந்தது. மொத்தத்தில் ஏறத்தாழ 10,000 பதிவுகளில் அவர் பங்கு உண்டு என மதிப்பிடுகின்றனர்.

இசைத்தட்டின் உறையில் பாடகரின் பெயர் இருந்தது; படமும் இருந்தது. வாசித்தவர் பெயர் பெரும்பாலும் இல்லை. சங்கத்தின் ஊதியத் தாள்களில் அது எங்கோ உறங்கியது. அமர்வு முடிந்தது, ஊதியம் வந்தது, கணக்குத் தீர்ந்தது. அன்றைக்கு அது எவர்க்கும் பெருங்குறையாகத் தோன்றியதாகத் தெரியவில்லை.

எழுதப்படாத பெயரின் வழக்கு

குறை பின்னாளில் தோன்றியது. இதனைச் சொல்ல மற்றொரு கலைஞரையும் அறிமுகம் செய்ய வேண்டும். அமெரிக்காவின் மற்றொரு கோடியில் டெட்ராய்ட் நகரம் இருக்கிறது. அங்கே மோட்டவுன் நிறுவனத்தின் பதிவறையில் பேஸ் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். 1936-இல் பிறந்தவர், கேரல் கேக்கு ஓராண்டு இளையவர். ஒற்றைச் சுட்டுவிரலால் மீட்டி, பேஸ் வாசிப்பின் இலக்கணத்தையே மாற்றியவர் என்று இன்று உலகம் போற்றுகிறது. அவர் வாழ்ந்த காலத்தில் அவர் வாசிப்பைக் கேளாத வீடு அந்நாட்டில் அரிது. அவர் பெயரை அறிந்த வீடும் அரிது. 1971-இல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' என்ற இசைத்தட்டில்தான் அக்குழுவினரின் பெயர்கள் வெளிப்படையாக அச்சாயின. 1983-இல் அந்நிறுவனத்தின் இருபத்தைந்தாம் ஆண்டு விழா பெருஞ்சிறப்புடன் நடந்தது. ஜேமர்சன் அவ்விழாவில் மேடையேறவில்லை. பார்வையாளர்களுள் ஒருவராக அமர்ந்திருந்தார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதமே அவர் காலமானார். வயது நாற்பத்தேழு. அவர் வாசிப்பைச் சுரப்படுத்தி, வரலாற்றுடன் ஆலன் ஸ்லட்ஸ்கி நூலாக வெளியிட்டது 1989-இல்.

மோட்டவுன் நிறுவனம் லாஸ் ஏஞ்சலிஸிலும் பதிவுகள் செய்தது. அங்கே பதிவான சில புகழ்பெற்ற பாடல்களில் வாசித்தது தாமே என்று கேரல் கே சொன்னார். இல்லை, அது ஜேமர்சனின் விரல் என்று மற்றவர்கள் மறுத்தனர். ஸ்டீவி வொண்டர் பாடி 1967-இல் வெளிவந்த பாடல் ஒன்றும் இவ்வழக்கில் சிக்கியது. நூல்கள் எழுந்தன, சான்றுகள் காட்டப்பட்டன, சினமும் கூடிற்று. வழக்கு முற்றிலும் ஓய்ந்தபாடில்லை.

இதில் யார் சொல்வது சரி என்று தீர்ப்புக் கூற நான் வரவில்லை. எனக்கு அதற்குத் தகுதியும் இல்லை. என் கவலை வேறு. உழைப்பால் உயர்ந்த இரு பெருங்கலைஞர்கள். ஒருவர் நினைவுக்கு மற்றொருவர் சொல் எதிராக நிறுத்தப்படுகிறது. இருவருள் எவரும் இதற்குக் காரணர் அல்லர். உறையின் பின்புறத்தில் இரண்டு அங்குல இடம் ஒதுக்கிப் பெயர்களை அச்சிட்டிருந்தால் இவ்வழக்கே எழுந்திராது. எழுதாமல் விட்ட ஒரு வரி, அரை நூற்றாண்டுக்குப் பின்னும் பகையாக விளைகிறது.

நம் இலக்கிய வரலாற்றில் இந்நோய்க்குக் குறைவில்லை. சங்கப் புலவர் பலர்க்குப் பெயரே கிடைக்கவில்லை; அவர்தம் பாட்டில் வந்த தொடரையே பெயராகச் சூட்டினர் தொகுத்தோர். செம்புலப்பெயனீரார் என்று நாம் அழைப்பவருக்குத் தாய் வைத்த பெயர் என்ன? சிலப்பதிகாரத்துக்கு அரும்பதவுரை எழுதியவர் பெயர் தெரியவில்லை. அடியார்க்கு நல்லார் அவ்வுரையின் மேல் நின்றே தம் பேருரையைக் கட்டினார். தாங்கும் சுரம் அரும்பதவுரையாருடையது. நாம் பாராட்டுவது அதன் மேல் எழுந்த பாட்டை.

நூல் என்னும் மறுபிறப்பு

1969-ஆம் ஆண்டளவில் கேரல் கே ஓயாத பதிவுப் பணியால் களைத்துப் போனார். அவ்வாண்டிலேயே அவருடைய முதற்பயிற்சி நூல் வந்தது. நூல் வெளியிடத் தாமே ஒரு பதிப்பகம் தொடங்கினார். தொடர்ந்து பல பயிற்சி நூல்கள் எழுதினார். 1976-இல் கார் விபத்தில் காயமுற்று, பெரும்பாலும் பதிவறையிலிருந்து விலகினார். 1994-இல் அக்காயங்களுக்கு அறுவை மருத்துவம் செய்துகொண்டு மீண்டும் வாசிக்கத் தொடங்கினார். இந்த ஏற்ற இறக்கங்களினூடே கைவிட்டுப் போகாமல் நின்றது கற்பித்தல். உடல் ஒத்துழைக்காத காலத்தில் அது ஊன்றுகோல் ஆயிற்று.

அவர் கற்பிக்கும் முறையில் இரண்டு செய்திகள் என்னைக் கவர்ந்தன. சுர வரிசைகளை ஏற்ற இறக்கமாக ஓட்டிப் பழகுவதைவிட, சுரக்கூட்டுகளின் உறுப்புகளை அறிந்து பழகுவதே முதன்மை என்பார். எந்தச் சுரம் எந்தச் சுரத்தோடு உறவு கொள்கிறது என்ற அறிவு இல்லாமல் விரல் மட்டும் ஓடினால் அது இசையாகாது என்பது கருத்து. வாய்பாட்டை மனப்பாடம் செய்து தளையின் ஓசையை உணராத மாணவரைக் கண்ட எனக்கு இது நன்கு விளங்கிற்று. மற்றொன்று, காலக்கருவியின் ஒலியை நான்கு அடிகளிலும் வைத்துக்கொள்ளாமல், இரண்டாம் அடியிலும் நான்காம் அடியிலும் மட்டும் வைத்துப் பழகச் சொல்வது. முதலடியைக் கருவி சொல்லாது. மாணவரே தம் உள்ளத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தாங்கும் பொறுப்பைக் கருவியிடம் விடாமல் மாணவர் தோளுக்கு மாற்றும் உத்தி இது. நல்லாசிரியர் அனைவரும் செய்வது இதுவே.

நன்னூலார் ஆசிரியர்க்குச் சொன்ன உவமைகளுள் நிலமும் ஒன்று. நிலத்தின் பெருமை தாங்குதல். தாங்குவது வெளியே தெரியாமல் தாங்குதல். பேஸ் வாசிப்பவர் ஆசிரியர் ஆவதில் வியப்பில்லை. அவர் முன்னரே அத்தொழிலைத்தான் செய்துகொண்டிருந்தார்.

ஒன்று கவனியுங்கள். எத்தனையோ இசைத்தட்டு உறைகள் அவர் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் என் மாணவர் கையிலிருந்த நகலின் அட்டையில் அப்பெயர் இருந்தது. வாசித்தவர் பெயரை உலகம் எழுதவில்லை; கற்பித்தவர் தம் பெயரைத் தாமே எழுதிக்கொண்டார். கற்பித்தல் அவருக்கு வருவாய் மட்டும் தரவில்லை. பெயரையும் மீட்டுத் தந்தது.

2025-ஆம் ஆண்டில், அவர்க்குத் தொண்ணூறு வயதான போது, ராக் அண்ட் ரோல் இசைப்பெருமன்றம் அவரைத் தன் சிறப்பாளர் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. அவர் அதனை ஏற்கவில்லை. பதிவறைக் கலைஞரின் பணி ஒரு குழுவின் பணி, தனியொருவர் ஆட்டம் அன்று, அப்பெருமை அப்பணியைச் சரியாகக் காட்டவில்லை என்ற பொருளில் மறுமொழி தந்தார். அக்கலைஞர் கூட்டத்துக்குப் பிற்காலத்தில் வழங்கலான பெயரைக் கூட அவர் ஏற்றதில்லை. பிடிவாதம் என்று சிலர் சொல்லக்கூடும். பெயருக்காக வழக்காடியவர் பெருமை வந்தபோது மறுக்கலாமா என்றும் கேட்கலாம். எனக்கு இதில் முரண் தோன்றவில்லை. என் பெயரை மறைக்காதீர் என்பதும், என் பெயரால் பிறர் பெயரை மறைக்காதீர் என்பதும் ஒரே நீதியின் இரு பக்கங்கள்.

நம் வாசலில்

அன்பர்களே, பிறர் கதையைச் சொல்லி நான் மட்டும் தப்பித்துக்கொள்வது முறையன்று. முனைவர் பட்டம் பெற்ற புதிதில், பழம்பதிப்பு ஒன்றின் மறுபதிப்புக்குச் சொல்லடைவு ஆக்கித் தந்தேன். ஆறு மாத உழைப்பு. கைக்குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு அகரவரிசைப்படுத்திய இரவுகள் பல. நூல் வெளிவந்தது. முன்னுரையில் "உதவியோர் அனைவர்க்கும் நன்றி" என்றிருந்தது. அந்த 'அனைவர்' என்ற சொல்லுக்குள் என் பெயரைத் தேடிப் பார்த்த நாளை நான் மறக்கவில்லை.

மறக்காதவள் என்ன செய்தேன்? சில ஆண்டுகளுக்கு முன் தாலாட்டுப் பாடல்கள் குறித்துக் கட்டுரை எழுதினேன். ஊர் ஊராய்ச் சென்று பாடல்களைத் திரட்டித் தந்தவர்கள் என் மாணவியர் இருவர். அச்சில் அவர்கள் பெயர் இல்லை. பக்க அளவு மிகுந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேரல் கேயைப் படித்த பிறகே அந்தக் காரணத்தின் சிறுமை எனக்கு உறைத்தது. இருவரிடமும் வருத்தம் தெரிவித்தேன். அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "அதனால என்னம்மா" என்றார்கள். அன்று நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அக்கட்டுரை நூலில் சேரும்போது முதற்பக்கத்திலேயே அவர்கள் பெயர் இடம்பெறும். இந்த அவையில் சொல்லிவிட்டதால் இனி நான் தவற முடியாது.

கவிஞர்களுக்கும் ஒரு சொல். உங்கள் கவிதை வெளிவருமுன் அதனைப் படித்துப் பார்த்து, இந்தச் சொல் வேண்டாம், இவ்வரி மேலே வரட்டும் என்றவர் ஒருவர் இருப்பார். ச, க, ப உங்களுடையவை. அடியில் தைவதம் வைத்தவர் அவர். அவரையும் நினையுங்கள்.

வட்டத்தின் பொறுப்பாளர்களிடம் இறுதியாக ஒரு வேண்டுகோள். பத்தாண்டுகளில் இங்கே கவிதை படித்தோர், உரையாற்றியோர் பெயர்கள் இம்மலரில் இடம்பெறப் போகின்றன, மகிழ்ச்சி. மாதந்தோறும் அழைப்பிதழ் எழுதியவர் யார்? கூட்டக் குறிப்பெழுதியவர் யார்? இருக்கைகளை விரித்துப் போட்டு, கூட்டம் முடிந்தபின் மடித்து அடுக்கியவர் யார்? ஒலிபெருக்கி அமைத்தவர், தேநீர் கொணர்ந்தவர், இம்மலருக்கு மெய்ப்புத் திருத்துபவர் யார் யார்? அவர்கள் பெயர்களை "உதவியோர் அனைவர்" என்று சுருக்காமல், ஒவ்வொன்றாக, முழுமையாக, ஒரு பக்கத்தில் அச்சிடுங்கள். இடம் போதாதெனில் என் உரையில் ஒரு பக்கத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். நாளை எவரும் வழக்காட வேண்டிய தேவை இராது.

என் மாணவரின் வினாவுக்கு விடை சொல்லாமல் விட்டேன் அல்லவா? "இதை வைத்து வாழ முடியுமா" என்று கேட்டார். கேரல் கே வாழ்ந்தார். கண்டவுடன் வாசிக்கும் பயிற்சி, காலந்தவறாமை, எந்தப் பாட்டையும் இகழாமை, தெரிந்ததை உடனுக்குடன் கற்பித்தல், கற்பித்ததை எழுதிவைத்தல் என்னும் ஐந்தையும் கொண்டு வாழ்ந்தார். எளிது என்று நான் அவரிடம் சொல்லவில்லை. வழி உண்டு என்று சொன்னேன். அவர் இப்போது மாலை வேளைகளில் ஐந்து பிள்ளைகளுக்குக் கிதார் கற்பிக்கிறார். அண்மையில் வந்தவர், "பசங்க பாடம் நடத்தும்போதே தூங்குறாங்கம்மா" என்று குறைபட்டுக்கொண்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை.